எருமை முதுகிலிருந்து இறக்கப்பட்ட அணில்

கண்மாய்க் கரையில் கெட்டியப்பன் என்ற உடும்பு காவல் வேலை பார்த்தான். அவன் பிடியைப் பற்றி நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியணுமா? பிடித்தால் பிடித்ததுதான்! ஆனால் எதற்காகப் பிடிக்கிறோம் என்று மட்டும் அவன் யாரையும் கேட்டதே இல்லை. கேட்டால் கௌரவம் குறைந்துபோகும் என்று நினைப்பு.

கண்மாயின் குறுக்கே பாலமாகக் கிடந்த பனைமரத்தை மழைவெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. அன்றிலிருந்து கருமாயி என்ற எருமைதான் சின்னப் பிராணிகளை முதுகில் ஏற்றி அக்கரையில் விட்டு வந்தாள். அவள் முதுகில் எட்டுப் பேருக்கு இடம். யார் ஏறலாம் என்று பார்ப்பது அவள் கொம்பில் உட்கார்ந்திருக்கும் கொக்கின் வேலை. எல்லோரும் அவரைக் கொக்கார் என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள். அவர் ஆளுக்கொரு புங்க இலை கொடுப்பார். இலை இருந்தால் இடம் உண்டு.

அன்று சாயங்காலம் கடைசி நடை. முயல் ஏறியது, கீரி ஏறியது, எலிக் குடும்பத்தில் நாலு பேர் ஏறினார்கள், ஒரு தவளை ஏறியது. கடைசியாக மின்னி என்ற அணில் தன் இலையைக் காட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். எட்டும் நிறைந்தது.

அப்போது பார்த்து ஓர் ஓணான் மூச்சிரைக்க ஓடி வந்தான். அக்கரையில் இலை கொடுப்பது அவன் வேலை. "நான் இன்னைக்கே போகலேன்னா காலையில அங்க நடை ஓடாது கொக்காரே!" என்றான்.

கொக்கார் கழுத்தை நீட்டிப் பார்த்தார். "யாராவது ஒருத்தர் இறங்குங்கப்பா! நாளைக்கு முதல் நடையில போகலாம். ரெண்டு நாவல்பழமும் தரேன்!"

ஒருத்தரும் அசையவில்லை. கொக்கார் கண்ணை மூடிக்கொண்டு அலகை ஆட்டினார். கண்ணைத் திறந்தபோது அலகு மின்னிக்கு நேராக நின்றது.

"நீ இறங்கும்மா."

"முடியாதுங்க! அக்கரையில என் மூணு குஞ்சும் பொந்துல கிடக்கு. இன்னும் கண்ணே திறக்கல. காலையிலிருந்து பாலும் கொடுக்கல. நாளைக்குன்னா உயிரோட இருக்குமா?"

"ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னா எப்படி? இறங்கு!"

"இலை கொடுத்து ஏத்தினது நீங்கதானே? நான் இறங்க மாட்டேன்!"

"கெட்டியப்பா! இவளை இறக்கு!" என்று கத்தினார் கொக்கார்.

கூப்பிட்டதுதான் தாமதம், கெட்டியப்பன் பாய்ந்து வந்து மின்னியின் பின்னங்காலைப் பிடித்தான். மின்னி எருமையின் பிடரி மயிரை இறுக்கிக்கொண்டாள். அவன் விட்டால்தானே! ஒரே இழுப்பு. கொம்பில் முகம் மோதி அவள் கரையில் வந்து விழுந்தாள். உதடு கிழிந்து ரத்தம் கொட்டியது. முன்பல்லில் பாதி உடைந்துவிட்டது. மேலே இருந்த ஏழு பேரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள். ஓணான் ஏறிக்கொண்டான், கருமாயி தண்ணீரில் இறங்கினாள்.

கெட்டியப்பன் நகத்தைத் துடைத்துக்கொண்டான். வேலை முடிந்தது என்று அவனுக்கு ஒரு திருப்தி. மின்னியோ அக்கரையைப் பார்த்தபடி தேம்பினாள்.

"என்னை என்ன பண்ணச் சொல்றே? சொன்னதைச் செஞ்சேன்" என்றான்.

"சொன்னது அவரு வாய். இழுத்தது உங்க நகம்தானே அண்ணே? ஒரு வார்த்தை, ஏன்னு கேட்டீங்களா?"

கெட்டியப்பனுக்குச் சுருக்கென்றது. தன் நகத்தைப் பார்த்தான். துடைத்தும் ரத்தம் போகவில்லை. ஐயோ, மூன்று குஞ்சு என்றாளே!

"எனக்கு நீந்தத் தெரியும். என் முதுகில ஏறு, நானே கொண்டுபோய் விடுறேன்."

மின்னி பின்வாங்கினாள். "உங்க கிட்ட வரவே எனக்குப் பயமா இருக்கு."

அந்தப் பேச்சு அவனைக் குத்திவிட்டது. சட்டென்று தண்ணீரில் பாய்ந்தான். கருமாயி பத்தடிதான் போயிருந்தாள். அவள் வாலை எட்டிப் பிடித்தான்.

"நில்லு ஆத்தா! தப்பு நடந்துபோச்சு! திரும்பு!"

"யாருடா அது? வாலை விடுடா!" என்று அலறினாள் கருமாயி.

"விட மாட்டேன்! அந்த அணிலை நான் அடிபட வச்சுட்டேன். அக்கரையில அது குஞ்சு பட்டினி!"

கொக்கார் இறக்கையை அடித்துக்கொண்டார். "நான் இறக்குன்னுதானே சொன்னேன்? பல்லை உடைன்னா சொன்னேன்?"

"நான் இடம்தான் கேட்டேன், யாரையும் இழுக்கச் சொல்லலியே!" என்றான் ஓணான்.

"இடம் கொடுக்கிறது கொக்கார் பாடு. நான் சுமக்கிறவ" என்று ஆரம்பித்த கருமாயி, பாதியில் நிறுத்தினாள். "ம்ஹூம். என் முதுகுல ஒருத்தி கதறினா. காதுல விழுந்தது. விழாத மாதிரி நடந்துட்டேன். வெட்கமா இருக்கு" என்று சொல்லிக் கரைக்குத் திரும்பினாள்.

"திரும்பினா எப்படி? இடம் ஏது?" என்றார் கொக்கார்.

பின்பக்கத்திலிருந்து ஒரு கனைப்புச் சத்தம். தவளை! "அது வந்து... எனக்கு நீந்தத் தெரியும். சோம்பல்ல உட்கார்ந்துட்டேன். அப்பவே குதிச்சிருக்கணும்" என்று சொல்லித் தண்ணீரில் தொப்பென்று குதித்தது. முயல் தலையைக் குனிந்துகொண்டது.

கருமாயி கரையேறி மண்டியிட்டாள். கெட்டியப்பன் நாலடி தள்ளி நின்றான். "மின்னி, நான் செஞ்சது தப்பு. நான் கிட்ட வரல. நீயே ஏறிக்கோம்மா."

மின்னி தயங்கித் தயங்கி ஏறினாள். கொக்கார் கொம்பிலிருந்து அவள் பக்கம் குனிந்தார். "கண்ணை மூடிக்கிட்டு ஆளைப் பொறுக்கினேனே, என்னைச் சொல்லணும். மன்னிச்சுக்கோம்மா" என்றார். அதை அவர் வாயால் கேட்டது கண்மாய்க்கே புதுசு.

கெட்டியப்பன் பின்னாலேயே நீந்திப் போனான். அக்கரை வந்ததும் மின்னி ஒரே தாவலில் மரத்தில் ஏறிப் பொந்துக்குள் போனாள். எல்லோரும் பொந்தையே அண்ணாந்து பார்த்தார்கள். கீச்! கீச்! கீச்! மூன்று குரலும் கேட்டன. அப்பாடா! கெட்டியப்பன் சேற்றிலேயே தொப்பென்று படுத்துவிட்டான். அணிலுக்கு முன்பல் வளர்ந்துகொண்டே இருக்கும், நல்லவேளை. ஒரு மாதத்தில் உடைந்தது சரியாகிவிட்டது. மின்னிக்கு அவன்மேல் இருந்த பயம் போகத்தான் இன்னும் கொஞ்ச நாள் ஆனது.

அதற்குப் பிறகு ஓணானுக்கும் ஒரு இலை முதலிலேயே எடுத்து வைத்துவிட்டுத்தான் கொக்கார் மற்றவர்களுக்குக் கொடுத்தார். கெட்டியப்பனோ, யார் ஏவினாலும், "எதுக்கு?" என்று கேட்ட பிறகுதான் நகத்தை நீட்டினான்.

சொன்னவர் செய்தவரையும் செய்தவர் சொன்னவரையும் கைகாட்டிக்கொண்டிருந்தால் அடிபட்டவருக்கு நியாயம் கிடைக்காது. தன் பங்குத் தவறை முதலில் ஒப்புக்கொள்கிறவரால்தான் அந்த நியாயம் கிடைக்கத் தொடங்குகிறது.