அளவுச் சட்டை

கரட்டடி மடத்தில் சித்திரை பிறந்துவிட்டால் போதனை கிடையாது. வெயில் மண்டையைப் பிளக்கும்போது ஞானம் உள்ளே இறங்காது என்பது வடிவம்மையின் கட்சி. அவர்தான் மடத்தின் குரு. கோடை முடியும்வரை கூடத்தில் தையல் மிஷினைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். வருகிறவர்களுக்கெல்லாம் மெல்லிய பருத்தியில் சட்டை தைப்பார். மிச்சம் விழும் துண்டுகளைச் சேர்த்து ஒட்டுப்போர்வை தைப்பார். எதற்கு இந்த வேலை என்று கேட்டால், "பிடிச்சிருக்கு" என்பார். அதற்குள் ஏதோ தத்துவம் ஒளிந்திருக்கிறது என்று தலையைச் சொறிந்தவர்கள் உண்டு. ஒன்றுமில்லை. அவருக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

தவசிமுத்து அவருடைய சீடர். பெயரில்தான் தவசி, கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். இரும்புக்கடை நடத்தி ஓய்ந்தவர், அறுபதைத் தாண்டியவர். குருவுக்கு நாற்பதுதான் ஆகிறது. சீடர் குருவை "அம்மா" என்பார், குரு சீடரை "ஐயா" என்பார். புதிதாக வருகிறவர்களுக்கு யார் யாரிடம் படிக்கிறார்கள் என்று பிடிபடவே நாளாகும். தியானத்தில் உட்கார்ந்தால் குறட்டை விடுகிற தவசிமுத்து, மிஷினில் உட்கார்ந்தால் மட்டும் கண் கொட்டமாட்டார். அதனால் அம்மா அவரைக் கோடைக்கு மட்டும் சீடராக வைத்துக்கொண்டிருப்பதாக மடத்தில் ஒரு கேலி உண்டு.

அந்தக் கோடையில் அவர் ஒரு நீலக் குர்தாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மகள் பூங்குயிலுக்காக.

தாயில்லாத பெண். அவர்தான் வளர்த்தார். இன்ஜினியரிங் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, கேக்கும் ரொட்டியும் சுடக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று அவள் சொன்னபோது வீட்டில் சொந்தக்காரர்கள் கூடியிருந்தார்கள். அத்தனை பேர் முன்னால், "அடுப்பூதவா உன்னைப் படிக்க வச்சேன்? இனிமே என் மூஞ்சியில முழிக்காதே" என்றார். சொன்ன பேச்சைக் கேட்காத பெண் அதை மட்டும் கேட்டாள். கோயம்புத்தூரில் ஒரு பேக்கரி வைத்திருக்கிறாள் என்று ஊரார் வாய்வழியாகத்தான் அவருக்குத் தெரியும். ஒன்பது வருஷம் ஓடிவிட்டது.

இப்போது போன் பண்ணியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறாளாம், சாயங்கால பஸ்ஸுக்குத் திரும்ப டிக்கெட்டும் போட்டுவிட்டாளாம். முதல் பாதி அவர் வயிற்றில் பாலை வார்த்தது, இரண்டாம் பாதி அதைத் திரிய வைத்தது. அன்றிரவே பீரோவைக் குடைந்து, அவள் கொடியிலேயே விட்டுப்போன பழைய குர்தா ஒன்றை எடுத்தார். அதை அளவாக வைத்து வெட்டியதுதான் இந்த நீலத்துணி.

"அம்மா, ஒன்னு கேக்கணும். என்ன சொன்னா அவ நாலு நாள் தங்குவா?"

வடிவம்மை மிஷினை நிறுத்தினார். பழைய குர்தாவைப் பார்த்தார், நீலத்துணியைப் பார்த்தார்.

"அந்த வயசுல நீங்க போட்ட சட்டை ஏதாச்சும் இருக்கா ஐயா?"

"எந்த வயசுல?"

"அவ போன வருசம்."

கேட்ட கேள்வி என்ன, வந்த பதில் என்ன. ஒட்டுப்போர்வைக்குத் துண்டு குறைகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு மறுநாள் ஒரு கட்டம்போட்ட சட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார் தவசிமுத்து.

சனிக்கிழமை அம்மா அவரைக் கூப்பிட்டு ஒரு புது வெள்ளைச் சட்டையை நீட்டினார். மகள் வருகிற நாளில் போட்டுக்கொள்ளவாம். காஜாவெல்லாம் கையாலேயே எடுத்திருந்தார். தவசிமுத்துவுக்கு மனம் குளிர்ந்துபோனது. அங்கேயே மாட்டினார். தோளுக்கு மேல் ஏறிய சட்டை அங்கேயே நின்றது. வயிற்றை எக்கினார், பட்டன் ஒரு கரையிலும் காஜா மறு கரையிலும் இருந்தன. கழற்றலாம் என்று பார்த்தால் கை வரவில்லை. சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். அவருக்கு வழக்கமான கோபம் வந்தது.

"அம்மா, அளவு தப்பிருச்சு."

"தப்பலையே. உங்க சட்டையை வச்சுத்தான் வெட்டினேன்."

"அது அந்தக் காலத்துச் சட்டைம்மா. நான் என்ன அப்படியேவா இருக்கேன்?"

அம்மா அவர் கையைச் சட்டையிலிருந்து மெல்ல விடுவித்துவிட்டார். தவசிமுத்துவின் கண் தானாகத் தன் மிஷின் பக்கம் போனது. நீலக் குர்தா ஒரு கை மட்டும் தைக்காமல் அதில் கிடந்தது. பக்கத்தில் அளவுக் குர்தா.

அதுவும் அந்தக் காலத்துக் குர்தாதான். பிறகு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, நாளைக்குக் காலையில் வந்துவிடுவாளே, இனிமேல் என்னத்தைச் செய்ய என்று புலம்பினார். அம்மா நீலக் குர்தாவை எடுத்துத் தையலைப் பிரிக்கத் தொடங்கினார். அதுவும் பழைய குர்தாவும் போர்வைக்கு ஆகும் என்றார். அவளைக் கூட்டிக்கொண்டு நேராக இங்கே வரும்படியும் சொன்னார்.

பஸ் நிலையத்தில் அவர் மகளைத் தேடிக்கொண்டே இருந்தார். எதிரில் வந்து நின்றவள்தான் மகள் என்று அவள் "அப்பா" என்ற பிறகே தெரிந்தது. முடியைக் கத்தரித்திருந்தாள், கண்ணாடி போட்டிருந்தாள், நன்றாகப் பூசினாற்போல் இருந்தாள். ராத்திரியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்த முதல் வரி, "இளைச்சுப் போயிட்டியேம்மா." அதை எப்படிச் சொல்வது?

"மடத்துக்குப் போவோமா?" என்றார் கடைசியில். "உனக்குத் துணி தைக்கணும். உன் அளவு எனக்குத் தெரியாது."

பூங்குயில் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். சண்டைக்குத் தயாராக வந்திருந்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கூட நடந்தாள்.

மடத்தில் மற்ற அளவுகளை வடிவம்மை எடுத்துவிட்டு, தோளையும் கையையும் அவருக்கு விட்டுவைத்தார். தவசிமுத்து இஞ்சு டேப்பைப் பிடித்தார். தோளிலிருந்து இறங்கி மணிக்கட்டுக்கு வந்தபோது டேப்பு நின்றது. அங்கே பளபளவென்று ஒரு தழும்பு. அதற்கு மேலே இன்னொன்று.

"இது என்னம்மா?"

"ஓவன். தட்டை இழுக்கும்போது பட்டுரும்."

"வலிச்சுதா?"

"முதல் தடவை வலிச்சுது. அன்னைக்கு ரொட்டி நல்லா வந்துச்சு, அதனால தெரியலை."

தவசிமுத்து டேப்பைக் கீழே போட்டுவிட்டார். அடுப்பூதவா என்று கேட்ட அதே வாயால் அவர் கேட்டார்:

"நான் அன்னைக்கு அப்படிச் சொல்லிட்டேன்ல?"

"சொன்னீங்க. அதுக்கு ஒன்பது வருசமா பதில் தயார் பண்ணி வச்சிருந்தேன்ப்பா. பஸ்லகூடச் சொல்லிப் பாத்துக்கிட்டே வந்தேன்."

"சொல்லு. கேக்குறேன்."

அவள் கையை இன்னும் நீட்டியபடியே வைத்திருந்தாள்.

"அது அந்த அப்பாவுக்குச் சொல்ல வேண்டியது," என்றாள்.

அவர் அழுதார். அத்தனை வருஷமும் நெஞ்சில் கிடந்த பாறாங்கல் உருண்டுபோனது அவருக்கே கேட்டது. மகள் குனிந்து டேப்பை எடுத்துக் கொடுத்து, மற்றக் கையையும் நீட்டினாள்.

சாயங்கால பஸ் அவளில்லாமல் போனது. திங்கட்கிழமை பஸ்ஸும் போனது. மடத்துச் சமையற்கட்டில் அவள் ரொட்டி சுட்டாள். பாதி கருகியது, விறகடுப்பைத் திட்டிக்கொண்டே எல்லாருக்கும் பிய்த்துக் கொடுத்தாள். தவசிமுத்து தண்ணீர்ப் பச்சையில் ஒரு குர்தா தைத்து முடித்தார். கழுத்து கொஞ்சம் கோணல்தான். அதைப் போட்டுக்கொண்டே அவள் வியாழக்கிழமை ஊருக்குப் போனாள்.

பஸ் ஏற்றிவிட்டு நேராக மடத்துக்கு வந்தார் தவசிமுத்து. முகத்தில் அப்படி ஒரு தெளிவு. பச்சைத்துணியை வெட்டுவதற்கு முன்னால் செய்தித்தாளில் வெட்டிவைத்த அளவைப் பத்திரமாக மடித்து, பிளாஸ்டிக் பையில் போட்டு, மிஷின் டிராயரில் வைத்தார்.

"எதுக்கு ஐயா அது?" வடிவம்மை போர்வையிலிருந்து தலை நிமிராமல் கேட்டார்.

"அவ அளவும்மா. கரெக்டா எடுத்தாச்சு. இனிக் கவலையில்ல. அவ வராட்டியும் வருசா வருசம் கோடைக்கு நானே தச்சு அனுப்பிருவேன்."

அம்மா ஊசியில் நூலைக் கோத்து, முடிச்சிட்டுக்கொண்டார்.

"அப்புறம் அவ எதுக்கு வரணும்?"