அகலப் பல் சீப்பு

ஞானம் தேடிப் போகிறவர்கள் வழக்கமாக மலை ஏறுவார்கள். சண்முகவடிவு ஏறியது பாளையங்கோட்டைச் சந்தைக்குப் பின்னால் இருந்த ஒரு தையல் கடையின் மாடிப்படி. பதினெட்டுப் படிகள்தான். மூட்டுவலிக்காரிக்கு அதுவே மலை.

மாடியில் ஜெபராணியின் கடை இருந்தது. ஒரு நாற்காலி, தலை அலசும் தொட்டி ஒன்று, சுவரில் ஒரு கண்ணாடி. சுருட்டை முடிக்காரிகள் எங்கெங்கிருந்தோ அவளிடம் வந்தார்கள். முடியை நேராக்கித் தரச் சொல்லி யாராவது வந்தால், கீழே துணி தேய்த்துத் தருவார்கள் என்று வழி காட்டி அனுப்பிவிடுவாள். முடியை அதன் போக்கில் விடக் கற்றுத் தருவதுதான் அவள் தொழில். சும்மா விடுவதற்கு என்ன படிப்பு என்று கேட்கிறவர்கள் உண்டு. அவர்களோடு அவள் மல்லுக்கு நிற்பதில்லை.

குருவுக்கு வயது முப்பத்து மூன்று. சிஷ்யைக்கு ஐம்பத்தேழு. ஆனாலும் சண்முகவடிவு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "டீச்சர்" என்று கூப்பிட்டுவிட்டாள். ஜெபராணியும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

"எத்தனை நாளா சூடு வச்சு முடியைத் தேய்க்கீங்க?"

"என்னைப் பொண்ணு பாக்க வந்த நாள்ல இருந்து."

"வீட்டுல யாரு யாரு இருக்காங்க?"

"நான் மட்டுந்தான். பிள்ளைக இல்லை. அவுக தவறி எட்டு மாசம் ஆச்சு."

ஜெபராணி அவளுடைய தலையைப் பார்த்தாள். முடி நூல் பிடித்த மாதிரி நேராக இறங்கியிருந்தது.

"இன்னிக்கும் தேய்ச்சிட்டுத்தான் வந்திருக்கீங்க."

"கை கேக்க மாட்டேங்குது, டீச்சர். விடியமுன்ன முழிப்புத் தட்டிருது. பாக்க ஆளில்லைன்னு தெரியும். இருந்தாலும் மெஷினைச் சூடு பண்ணிருதேன்."

"விட்டுப் பாத்தீங்களா?"

"அவுக போனப்புறம் ரெண்டு தடவை விட்டேன். தலை காஞ்சதும் வாருனேன். முள்ளுப் புதர் மாதிரி எந்திரிச்சு நிக்கி. பயந்துபோய்த் தேய்ச்சிட்டேன்."

"காஞ்சப்புறம் வாருனா அப்படித்தான் நிக்கும். ஈரத்துல வாரணும். சுருட்டைக்கு அகலப் பல் சீப்புதான் சரின்னு போன்ல சொன்னேனே, கொண்டாந்தீங்களா?"

சண்முகவடிவு பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். மரச் சீப்பு. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே சுண்டுவிரல் நுழையும்.

"புதுசா இருக்கே."

"முப்பது வருசப் பழசு. ஒரு தடவைகூட வாரலை. அவுக குத்தாலத்துல வாங்குனது."

"அவுகளா உங்களுக்கு வாங்குனாக?"

"கல்யாணம் முடிஞ்சு மறு சீசன். எல்லாரும் அருவியில நிக்காக. நான் மட்டும் சளி புடிச்சிருக்குன்னு சொல்லிக் கரையிலயே நின்னுட்டேன். தலை நனைஞ்சா குட்டு வெளிப்பட்டுருமே. அவுகளும் குளிக்கலை. கடைப் பக்கமாப் போயி இதை வாங்கிட்டு வந்து நீட்டுனாக. உங்களுக்கு ஒரு சீப்பு வாங்கத் தெரியலையே, இது மாட்டுக்கு வாருறதுல்லான்னு சிரிச்சேன். அவுகளும் சிரிச்சாக. அன்னிக்கு பீரோவுல போட்டதுதான்."

ஜெபராணி சீப்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஏதோ கேட்க வாயெடுத்தவள், கேட்காமல் எழுந்து போய்க் கண்ணாடியின் மேல் ஒரு துண்டைத் தொங்கவிட்டாள்.

தொட்டியில் தலையைச் சாய்த்து அலசினாள். முடியில் தண்ணீர் சொட்டச் சொட்ட, அந்தச் சீப்பால் நுனியிலிருந்து வார ஆரம்பித்தாள். நுனிச் சிக்கு போனபின் கொஞ்சம் மேலே. அது போனபின் இன்னும் மேலே. சண்முகவடிவுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து உச்சியில் சீப்பை ஊன்றிக் கீழே இழுத்துத்தான் பழக்கம். அம்மா வாரிவிட்ட காலத்தில் கண்ணில் தண்ணீர் வராமல் ஒரு நாளும் சடை முடிந்ததில்லை. இன்றைக்கு வலிக்கவே இல்லை. வலிக்காதது அவளுக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

ஜெபராணி ஆளி விதையைக் கொதிக்க வைத்து வடித்த வழவழப்பான நீரை உள்ளங்கையில் ஊற்றி முடியில் தடவினாள். பழைய வேட்டித் துணி ஒன்றை எடுத்து, துவட்டாமல், கொத்துக் கொத்தாக அள்ளிப் பிடித்து ஈரத்தை ஒற்றினாள். பிறகு துணியை உதறிக் கொடியில் போட்டாள்.

"முடிஞ்சுது."

"இனி நான் என்ன செய்யணும், டீச்சர்?"

"ஒண்ணும் செய்யக் கூடாது."

"எவ்வளவு நேரத்துக்கு?"

"காயுற வரைக்கும். தொடக் கூடாது. ஒதுக்கக் கூடாது. சுருண்டிருக்கான்னு தடவிப் பாக்கக் கூடாது. எங்கிட்டப் படிக்க வாறவங்க பாதிப் பேரு இதுலதான் பெயிலாகுதாங்க."

சண்முகவடிவு மடியில் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அரை நிமிடம் ஆகியிருக்காது, வலது கை தானாக எழுந்து காதோரம் போனது. ஜெபராணி பார்த்தாள். கை இறங்கியது. மறுபடி எழுந்தது. மூன்றாவது தடவை எழுந்தபோது, குரு உள்ளே போய் ஒரு தட்டு நிறையச் சின்ன வெங்காயத்தைக் கொண்டுவந்து மடியில் வைத்தாள்.

"மத்தியானக் குழம்புக்கு. உரிங்க."

வெங்காயக் கையை யாரும் தலையில் வைப்பதில்லை. வெங்காயம் உரிக்கிறவள் அழுதாலும் யாரும் காரணம் கேட்பதில்லை. ஜெபராணி எதை நினைத்துக் கொடுத்தாளோ, தட்டில் பாதி உரிவதற்குள் சண்முகவடிவு அழுதுகொண்டிருந்தாள்.

"பொண்ணு பாக்க வந்தன்னிக்கு எங்கம்மா இஸ்திரிப் பெட்டியால என் தலையைத் தேய்ச்சுவிட்டா. கீழ துணி, மேல துணி, நடுவுல என் முடி. காதுல சூடு பட்டுருச்சு. அவுக அத்தை வந்து சடையைத் தூக்கிப் பாத்தாக. நல்லவேளை சுருட்டை இல்லை, சுருட்டைக்காரி பிடிவாதக்காரியா இருப்பான்னாக. எல்லாரும் சிரிச்சாங்க. அப்பறம் நான் எப்படிச் சொல்ல?"

ஜெபராணி எதிரே உட்கார்ந்து தானும் ஒரு வெங்காயத்தை எடுத்தாள்.

"அந்த அத்தை பன்னிரண்டு வருசம் எங்க கூடத்தான் இருந்தாக. அவுக போனப்புறமாவது சொல்லியிருக்கலாம். பன்னிரண்டு வருசம் மறைச்சியான்னு கேட்டா என்ன சொல்லன்னு பயந்தேன். அடுத்த வருசம் பதிமூணு வருசமாப் போச்சு. செவ்வாய், வெள்ளி அவுக ஆபீஸுக்குக் கிளம்புனப்புறம் தலைக்குக் குளிப்பேன். சாயங்காலம் வாறதுக்குள்ள தேய்ச்சு முடிச்சிருவேன். காலையில அவுக எந்திரிக்கமுன்ன இன்னொரு தடவை."

"ஒரு நாள்கூட விட்டதில்லையா?"

"ஒரு நாள்கூட விட்டதில்லை. அவுக எப்பேர்ப்பட்ட மனுசன் தெரியுமா? கல்யாணமான வருசமே எனக்கு இடுப்புல புடிப்பு வந்துச்சு, அதுல இருந்து குனிஞ்சு ஒரு வேலை செய்ய விடலை. ஞாயித்துக்கிழமை ஆனா வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு பாத்ரூமைக் கழுவ எறங்கிருவாக. தபாலாபீஸ் கோமதிநாயகம் வெளக்கமாத்தோட நிக்கான்னு தெருவே கேலி பண்ணும். காதுல போட்டுக்கவே மாட்டாக. அப்பேர்ப்பட்டவுகளை நான் ஏமாத்திட்டேன்."

ஒரு வெங்காயம் கைநழுவி உருண்டு போனது. இரண்டு பேரும் அதை எடுக்கவில்லை.

"கடைசியில ஆஸ்பத்திரியில கெடந்தாக. ராத்திரி அவுக தம்பி கூட இருப்பாரு. காலையில நான் போவேன். முந்தின நாள் சாயங்காலம் கையைப் புடிச்சுக்கிட்டு, நாளைக்கு ஒண்ணும் பண்ணிக்கிட்டு நிக்காத வடிவு, எந்திரிச்ச தலையோட அப்படியே வான்னாக. லேட்டாக்காதேன்னு சொல்லுதாகன்னு நினைச்சேன். அதனால மறுநாள் ஒரு மணி நேரம் முன்னாடியே எந்திரிச்சுத் தேய்க்க ஆரம்பிச்சேன்."

"ம்."

"பாதித் தலை முடிஞ்சுது. கரண்ட் போயிருச்சு."

ஜெபராணியின் கை நின்றது.

"ஒரு பக்கம் நேரா இருக்கு, ஒரு பக்கம் சுருண்டு நிக்கி. எப்படிப் போக? கரண்ட் வரட்டும்னு மெஷினைக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். நாப்பது நிமிசம். முக்காடு போட்டுக்கிட்டுப் போயிருக்கலாம். அது அப்பத் தோணலை. கரண்ட் வந்து, மிச்சத்தையும் தேய்ச்சு, ஆட்டோ புடிச்சுப் போனேன். அவுக தம்பி வராந்தாவுல நின்னாரு. இப்பதான் மதினி, கால் மணி நேரம் இருக்கும்னாரு."

சண்முகவடிவு மிச்ச வெங்காயத்தையும் உரித்து முடித்தாள். ஜன்னல் வழியாக வந்த வெயில் நாற்காலியின் கையைத் தாண்டி அவள் தோளுக்கு ஏறியிருந்தது. கீழே தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

முடி காய்ந்துவிட்டது. ஜெபராணி அவள் கையைக் கழுவச் சொன்னாள். பிறகு கண்ணாடி மேலிருந்த துண்டை எடுத்தாள்.

சண்முகவடிவு பார்த்தாள். பாதி நரைத்த முடி தோளைச் சுற்றிச் சுருள் சுருளாக விழுந்து கிடந்தது. புதரும் இல்லை, பரட்டையும் இல்லை. இருபத்தைந்து வயதில் கடைசியாகப் பார்த்த ஒருத்தி, வயதானபின் வந்து எதிரே உட்கார்ந்திருந்தாள். அழகாக இருந்தாள். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"இவ்வளவுதானா, டீச்சர்?"

"இவ்வளவுதான்."

"இதுக்கா அத்தனை காலம் விடியமுன்ன எந்திரிச்சேன்?"

ஜெபராணி துண்டை மடித்து வைத்தாள்.

"இதை அவுக ஒரு தடவைகூடப் பாக்கலையே. பொண்டாட்டி தலை எப்படி இருக்கும்னு தெரியாமலே போயிட்டாகளே. முப்பத்தோரு வருசம் ஒரு மனுசனை ஏமாத்தியிருக்கேன். இதுக்கு என்ன செஞ்சா தீரும்? நீங்க சொல்லுங்க, செய்யுதேன். மொட்டை போடணும்னாலும் போட்டுக்கிடுதேன்."

"மொட்டை போட்டுத் தீரும்னு எனக்குத் தோணலை."

"அப்ப வேற என்ன?"

ஜெபராணி அந்த மரச் சீப்பைக் கையில் எடுத்தாள்.

"நீங்க கேட்டதுக்கு எங்கிட்ட ஒண்ணு இருக்கும்மா. கேட்டா மனசு லேசாயிரும்னு மட்டும் நினைச்சுக்கிடாதீங்க. கூடுதலாத்தான் கனக்கும்."

"எட்டு மாசமா இதைத் தூக்கிட்டு அலையுதேன். இதுக்கு மேல என்ன கனக்கப் போகுது? சொல்லுங்க."

ஜெபராணி எழுந்து தொட்டிக்குப் போனாள். தண்ணீர் போகிற ஓட்டையில் கிடந்த சிறிய சல்லடையைத் தூக்கினாள். அதில் நான்கைந்து முடிகள் சிக்கியிருந்தன. ஒன்றைப் பிரித்தெடுத்து, கொண்டுவந்து சண்முகவடிவின் உள்ளங்கையில் வைத்தாள்.

அது வளையம் வளையமாகச் சுருண்டிருந்தது.

"காலையில நீங்க படியேறி வரும்போது இது நேரா இருந்துச்சு."

"ஆமா. தண்ணி பட்டா சுருண்டுக்கிடும். அதுக்குப் பயந்துதானே அருவியிலகூட..."

சண்முகவடிவு பாதியில் நிறுத்தினாள்.

ஜெபராணி மரச் சீப்பை அவள் மடியில் வைத்தாள்.

"உங்க வீட்டு பாத்ரூம் சல்லடையில அடைச்சுக் கெடக்குற முடியை, ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை யாரும்மா குனிஞ்சு எடுத்தது?"

சண்முகவடிவு உள்ளங்கையிலிருந்த சுருள் முடியையும் மடியிலிருந்த சீப்பையும் மாறி மாறிப் பார்த்தாள். நெற்றிச் சுருள் ஒன்று கண்ணில் வந்து விழுந்தது. அதை ஒதுக்க அவள் கை எழவில்லை.