வாய் கட்டிச் சுட்ட அதிரசம்

இந்தக் கதையைக் கேட்கிறவர்கள் காதோடு கொஞ்சம் மூக்கையும் தீட்டி வைத்துக்கொள்வது நல்லது. காரணம் போகப்போகத் தெரியும்.

செய்யாறில் கனகாம்புஜம் என்றொரு மாமியார். அவள் வீட்டில் தீபாவளியன்று கேதாரகௌரி நோன்பு. நோன்புக்கு அதிரசம் வேண்டும், அதை வீட்டுப் பெண்கள்தான் சுட வேண்டும். சாமிக்குப் படைப்பதற்கு முன் அதில் ஒரு துணுக்கைக்கூட யாரும் ருசி பார்க்கக் கூடாது. மூச்சுக்காற்றும் படக் கூடாதென்று மூக்கையும் வாயையும் சேர்த்துத் துணியால் கட்டிக்கொண்டுதான் அடுப்பங்கரைக்குள் நுழைவார்கள். வாசனை பிடிப்பது பாதி தின்றதற்குச் சமம் என்பது கனகாம்புஜத்தின் கட்சி.

அவளுக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. நோன்பை ஒரு மருமகளிடம் ஒப்படைத்துவிட நினைத்தாள். கலசம் வைப்பதும் மற்றவர்கள் கையில் நோன்புக் கயிறு கட்டுவதும் அந்த வீட்டில் ஒருத்தியின் உரிமை. "இந்த வருசப் படையல யாரு கொறையில்லாம முடிக்கறாளோ, அவ கையிலதான் மொத கயிறு," என்று சொல்லிவிட்டாள்.

மூத்தவள் ரேணுகாவுக்கும் நடு மருமகள் ஜெயக்கொடிக்கும் அதில் ஆசை இருந்தது. கடைசி மருமகள் தமயந்திக்கு இருந்ததை ஆசை என்று சொல்ல முடியாது, ஏக்கம் என்றுதான் சொல்ல வேண்டும். நோன்பு வழக்கமே இல்லாத வீட்டிலிருந்து வந்தவள் என்று அவளை இதுவரை பாத்திரம் கழுவ மட்டுமே விட்டிருந்தார்கள். இந்த வருஷம்தான் முதன்முதலாக அடுப்பருகே இடம் கிடைத்தது.

யானைக்கும் அடி சறுக்கும். பாகு காய்ச்சுவதும் மாவு கிளறுவதும் எப்போதும் கனகாம்புஜம்தான். பாகு பதமாக வந்தது, மாவும் பதமாகச் சேர்ந்தது. கடைசியில் சுக்கும் ஏலக்காயும் இடித்த பொடியைத் தூவ அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தாள். தீபாவளி எண்ணெய்க் குளியலுக்கு அரைத்த சீயக்காய்ப் பொடியும் அங்கேதான், அதே மாதிரி டப்பாவில் இருந்தது. தூவியது சீயக்காய். எல்லாரும் மூக்கைக் கட்டியிருந்ததால் ஒருவருக்கும் தெரியவில்லை. மற்ற டப்பாவைச் சீயக்காய் என்று நினைத்துக் குளியலறையில் வைக்கச் சொன்னாள்.

தீபாவளி விடியலில் ஜெயக்கொடி அந்தப் பொடியைத் தலையில் தேய்த்தாள். வீட்டில் மற்ற இளசுகள் எல்லாரும் ஷாம்புக்காரர்கள். கண் எரிந்தது, சுக்கு மணத்தது. சுக்கு தலைக்கு வந்துவிட்டது என்றால் மாவுக்குள் போனது எது என்று அவளுக்கு உடனே புரிந்தது. யாரிடமும் மூச்சு விடவில்லை. மாமியார் தலைக்குச் சீயக்காய்க்குப் பதிலாக அரப்புப் பொடியைக் கரைத்து வைத்துவிட்டு, கணவனை ரகசியமாக இனிப்புக் கடைக்கு அனுப்பினாள். கடைக்காரர் புதிதாகச் சுட்ட ஈட்டில் ஒன்றைப் பிட்டு வாயில் போட்டு, "பதம் சரியா இருக்கு" என்று சொல்லிப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

முற்பகலில் வீட்டு அதிரசம் எண்ணெயில் விழுந்தது. சட்டி நிறைய நுரை பொங்கியது. சுட்டுக்கொண்டிருந்த ரேணுகா இத்தனை வருஷத்தில் அப்படியொரு நுரையைப் பார்த்ததில்லை. ஏதோ தப்பு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அத்தை கிளறிய மாவை யார் குறை சொல்வது?

பக்கத்தில் கரண்டிகளால் அதிரசத்தை அழுத்தி எண்ணெய் வடித்துக்கொண்டிருந்த தமயந்தி, "என்னக்கா இப்படி நுரைக்குது?" என்று கேட்டாள்.

"எண்ணெ புதுசு. நீ வேலையப் பாரு."

தமயந்தி கொஞ்சம் தயங்கினாள். பிறகு துணியை இறக்கிவிட்டு ஒரு விள்ளலை வாயில் போட்டாள். நாக்கில் கசப்பு ஏறியது. நேரே மாமியாரிடம் போய், "அத்தே, நான் வாய் வச்சிட்டேன். கசக்குது. இதப் படைக்காதீங்க," என்றாள்.

கனகாம்புஜத்தின் காதில் முதல் பாதிதான் விழுந்தது. "நோன்பில்லாத வூட்டுப் பொண்ணுன்னு காட்டிட்டியே," என்று அவளை அடுப்பங்கரையிலிருந்து வெளியே அனுப்பினாள். கயிறு போய்விட்டதென்று தமயந்தி புழக்கடையில் நின்று அழுதாள்.

மாலையில் படையல் தட்டை அடுக்கியது ஜெயக்கொடி. தட்டில் கடை அதிரசம் ஏறியது. வீட்டு அதிரசம் அடுக்குப் பாத்திரத்திலேயே மூடிக் கிடந்தது. பூஜை முடிந்து உறவுக்காரர்கள் தின்று பார்த்தார்கள். தித்தித்தது. "கனகாம்புஜம் கைன்னா கைதான்," என்றார்கள். காலையில் வாய் வைத்தவள் என்ற பெயரோடு இப்போது பொய்க்காரி என்ற பெயரும் தமயந்திக்குச் சேர்ந்தது. ஜெயக்கொடி குனிந்து விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தாள். ரேணுகாவும் வாயைத் திறக்கவில்லை.

கனகாம்புஜம் விடவில்லை. மூடியிருந்த பாத்திரத்திலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினாள். "எல்லார் எதிர்லயும் தின்னு. கசக்குதான்னு சொல்லு."

"நான் சொன்னா நம்ப மாட்டீங்க அத்தே. நீங்களே வாயில போட்டுப் பாருங்க."

போட்டாள். சட்டியில் இருப்பதுதானே அகப்பையில் வரும். பிறந்தது முதல் தலையில் தேய்த்துக் குளித்த சரக்கை அவளுக்கு யாரும் அடையாளம் காட்ட வேண்டியிருக்கவில்லை. அவள் கேட்கக் கேட்க, மற்ற இருவரும் தாங்கள் செய்ததை ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டார்கள்.

மஞ்சள் கயிறு கனகாம்புஜத்தின் கையில் இருக்கிறது. ரேணுகா விதியை மீறவில்லை. ஜெயக்கொடி வாயும் வைக்கவில்லை, மாமியார் மானத்தையும் காப்பாற்றினாள். தமயந்தி விதியை மீறினாள், அதைத் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டாள். முதல் கயிற்றை யார் கையில் கட்டுவது நியாயம்?

விடை: தமயந்தி கையில். தான் சந்தேகப்பட்ட பண்டத்தைச் சாமிக்குச் சுட்டுக் கொடுத்தவள் ரேணுகா. அவள் காத்தது விதியை அல்ல, தன்னை. ஜெயக்கொடி படைத்ததோ கடைக்காரர் ருசி பார்த்த ஈடு. போதாததற்கு, மாமியார் மானத்துக்கு ஓரகத்தியின் மானத்தை விலையாகக் கொடுத்தாள். கயிறு போகும் என்று தெரிந்தும் வாய் திறந்தவள் ஒருத்திதான். கனகாம்புஜமும் அவளுக்குத்தான் கட்டினாள். முடிச்சுப் போட்ட பிறகும் அந்தக் கையை விடாமல் சொன்னாள்: "அடுத்த வருசம் மொத ஈடு வெந்ததும் எங்கிட்ட எடுத்துனு வா. நான் வாயில போட்டுப் பாக்கறேன். தோஷம் வந்தா எனக்கு வரட்டும்."