வெயிலில் தெறித்த பயறு

ஜெபக்கனி டீச்சரிடம் நீல அச்சு கற்றுக்கொள்ள வருபவர்களுக்கு முதல் பாடம், வெயிலில் சும்மா நிற்பது. நல்லபெருமாளுக்கு மட்டும் அது வரவேயில்லை.

அவர் டீச்சரைவிட வயதில் மிக மூத்தவர். அணைகளுக்கு வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர். அவர் இழுத்த கோடு இம்மியும் பிசகாது. அந்தப் பெருமை அவருக்கு நிறையவே உண்டு.

அவர் மனைவி கோமு, தோட்டத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து தென்காசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள். எலும்பு கூடிவிட்டது என்றார் டாக்டர். பேச்சுதான் நின்றுபோயிருந்தது. யார் வந்தாலும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். அவள் வைத்த தோட்டத்தைப் போனில் படம் எடுத்துக் காட்டினார். கண்ணை மூடிக்கொண்டாள்.

அதன் பிறகுதான் டீச்சரிடம் வந்தார்.

மருந்து பூசிய காகிதத்தின் மேல் இலையையோ காயையோ வைத்து வெயிலில் காட்டினால், வெயில் பட்ட இடம் நீலமாகும். நிழல் விழுந்த இடம் வெள்ளையாக நிற்கும். அவ்வளவுதான் வித்தை. ஆனாலும் அவர் ஒவ்வொரு முறையும் நடுவில் குனிந்து எதையாவது நேராக்குவார். படம் கலங்கிப்போகும்.

அன்று வெயில் ஏறிய பிறகு தோட்டத்தில் விளைந்ததையெல்லாம் பறித்துக்கொண்டு வந்தார். வெண்டைக்காய், கொத்தவரை, பிஞ்சோடு ஒரு பாகற்கொடி, முற்றிக் கறுத்த பாசிப்பயற்று நெற்றுகள். பலகையில் விரித்த பெரிய காகிதத்தில் ஒன்றுக்கொன்று இடிக்காமல் வரிசை பிடித்து அடுக்கினார். அணைக்கு மதகு வைப்பதுபோல.

"இன்னைக்குப் பிசகாது டீச்சர்" என்றார்.

இருவரும் பலகையை முற்றத்து வெயிலுக்குத் தூக்கி வந்தார்கள்.

சித்திரை வெயில். காகிதம் நிறம் மாறத் தொடங்கிய நேரத்தில் 'டப்' என்று ஒரு சத்தம். நெற்று ஒன்று வெடித்துத் தோல் முறுக்கிக்கொண்டது. பயறு நாலாபக்கமும் தெறித்தது. அடுத்தது வெடித்தது. அதற்கடுத்ததும்.

நல்லபெருமாள் பதறிக் குனிந்தார்.

"தொடாதீங்க அண்ணாச்சி."

"எல்லாம் சிதறுதே டீச்சர்!"

"சிதறட்டும்."

"அவளுக்குன்னு பார்த்துப் பார்த்து அடுக்குனேனே."

"தெரியும். நில்லுங்க."

நின்றார். கண்ணெதிரே ஒவ்வொன்றாக வெடித்துக்கொண்டேயிருந்தது. ஒரு பயறு பாகல் இலைக்கு அடியில் உருண்டு போனது.

நேரம் ஆனதும் டீச்சர் காகிதத்தை எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தினாள். மஞ்சள் கரைந்து ஓடியது. பிறகு நீலம் வந்தது. ஆழக் கிணற்றில் எட்டிப் பார்த்தால் தெரியுமே, அந்த நீலம்.

அந்த நீலத்துக்குள் பாகல் இலை நரம்பு நரம்பாக ஒளிர்ந்தது. வெண்டைக்காய் வெள்ளை வெளேரென்று நின்றது. நெற்றுகள் இருந்த இடத்தில் மூடிய உருவம் மங்கலாகவும், அதன் மேலேயே வெடித்து முறுக்கிய உருவம் அழுத்தமாகவும் கிடந்தன. சுற்றிலும் வெளிர்நீலப் பொட்டுகள். வெடித்த கணமும் வெடிக்குமுன் இருந்த கணமும் ஒரே தாளில்.

நல்லபெருமாள் தொட்டிமேல் குனிந்து நின்றார். வேட்டி நுனி நனைந்தது தெரியவில்லை. ஆயுளெல்லாம் படம் போட்டவர், ஒரு படத்தின் முன்னால் முதல்முறையாகக் கும்பிட்டார்.

காய்ந்ததும் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் வந்தபோது முகம் வேறாக இருந்தது. உட்காராமலே சொன்னார்.

"கட்டிலுக்கு எதிர்ல பிடிச்சுக்கிட்டு நின்னேன் டீச்சர். ரொம்ப நேரம் பார்த்தா. அப்புறம் கையை நீட்டி ஒவ்வொரு பொட்டா தொட்டா. பேசிட்டா."

"என்ன சொன்னாங்க?"

"'நெத்து வெடிக்க விட்டுட்டீங்களே, காலையில ஈரத்தோட பறிக்கணும்னு தெரியாதா? நான் வீட்டுக்கு வரணும்'னு சொன்னா."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நான் அடுக்குனது எதையும் அவ பார்க்கல. நான் செய்யாததைத்தான் பார்த்தா. ராத்திரி முழுக்க யோசிச்சேன். அந்தப் படத்தைப் போட்டது யாரு டீச்சர்? வெயிலா? பயறா? நீங்களா?"

டீச்சர் ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள்.

"நெத்து வெடிக்கிறப்போ உங்க கை எங்க இருந்துச்சு?"

அவர் யோசித்தார். "பின்னால கட்டியிருந்தேன். ஒண்ணை ஒண்ணு இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு."

"அந்தக் கைதான் அண்ணாச்சி."