தானாகத் திறந்த கூரை

"சாமி, இந்தச் சுவிட்சிலிருந்து நான் என்னிக்குத்தான் விரலை எடுக்கறது?"

தீர்த்தகிரி கேட்டார். கேட்கும்போதும் விரல் சுவிட்சின் மேல்தான் இருந்தது.

"இப்பவே எடேன்" என்றார் சாமி.

எடுத்தார்.

காரின் கூரை பாதியில் நின்றுவிட்டது, வாயைத் திறந்துவிட்டு சொல்ல வந்ததை மறந்துபோன ஆள் மாதிரி.

சாமி விழுந்து விழுந்து சிரித்தார்.

மலையடிவாரத்து மடம் அது. வெளிநாடு போன பக்தர் ஒருவர் விட்டுப்போன பழைய கார். துணிக்கூரை மோட்டாரில் மடியும். ஆனால் கைபிரேக் போட்டிருக்க வேண்டும், சுவிட்சை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். விரலை எடுத்தால் நின்றுவிடும்.

தீர்த்தகிரி மடத்துக்கு வருமுன் ஓசூரில் கார் வயரிங் கடை வைத்திருந்தவர். குருவைவிட வயதில் மூத்தவர். காவி கட்டிய பிறகும் இடுப்பிலிருந்து டெஸ்டரை எடுக்காதவர்.

குருவுக்கு ஊர் வைத்த பேர் சும்மா சாமி. குறி சொல்ல மாட்டார். விபூதி வரவழைக்க மாட்டார். சும்மா உட்கார்ந்திருப்பார்.

தீர்த்தகிரிக்கு அதுதான் தாங்கவில்லை.

"எதிர் மடத்தைப் பாருங்க சாமி. யானை வந்திருக்கு. லேசர் லைட்டு போடறாங்க. போன பௌர்ணமிக்கு நம்ம பக்கம் யார் வந்தாங்க தெரியுமா?"

"யாரு?"

"அங்க செருப்பு விட இடம் கிடைக்காதவங்க."

"செருப்பெல்லாம் பத்திரமாப் போய்ச் சேந்துச்சா?"

"சாமி!"

சாமி சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"இந்தப் பௌர்ணமிக்கும் ஆள் வரலேன்னா மடத்தை மூடிடறேன்னு தர்மகர்த்தா சொல்லிட்டாரு. உங்களை யாருக்கும் தெரியாமலே போயிடும்." தீர்த்தகிரி இடுப்பு டெஸ்டரைத் தொட்டுக்கொண்டார். "எனக்கு ஒரு யோசனை இருக்குதுங்க."

"சொல்லு."

"ரெண்டு ரிலே சுவிட்சு, ஒரு ரிமோட்டு. நீங்க பின் சீட்டுல உக்காந்து வானத்தைப் பாருங்க, போதும். நான் கூட்டத்தோட கூட்டமா நின்னுக்கிட்டு ஒரே ஒரு தட்டு தட்டுவேன். கூரை தானாத் திறக்கும். கைபிரேக் வயரையும் சேத்து முறுக்கி விட்டுடறேன். தட்டிட்டா அப்புறம் முழுசா மடிஞ்சுதான் நிக்கும்."

"நடுவுல நிறுத்தணும்னா?"

"எதுக்குங்க சாமி நிறுத்தணும்?"

சாமி காதைச் சொறிந்துகொண்டார்.

"அதுவும் சரிதான். செய்."

திட்டு விழும் என்று எதிர்பார்த்து வந்தவருக்கு அது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

டேஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டு, கால்கள் கதவுக்கு வெளியே நீட்டியிருக்க, தீர்த்தகிரி படுத்துவிட்டார். பழைய வயர்களைத் தொட்டாலே தோல் உதிர்ந்தது. ஒவ்வொன்றாகச் சுரண்டி, பற்றவைத்து, டேப் சுற்றினார். இத்தனை காலம் கண்ணை மூடினாலும் கூடாத தியானம் அன்றைக்கு ஓடி வந்து கூடியது.

வேலை முடிந்தது. ரிமோட்டைத் தட்டினார். கூரை எழுந்தது, பின்னால் போனது, சாவகாசமாக மடிந்து படுத்தது.

தீர்த்தகிரி காருக்கு முன்னால் நின்று ஒத்திகை பார்த்தார்.

"ஐயோ சாமீ!" இது பெண் குரலில்.

"அடேங்கப்பா, என் ஆயுசுல பாத்ததில்லைடா!" இது பல் போன கிழவர் குரலில்.

"எல்லாம் குருவோட கருணை." இது மட்டும் சொந்தக் குரலில், அடக்கமாக.

சமையல்கட்டு வாசலில் நின்ற மாதம்மா கேட்டாள்: "யாருகூடப் பேசறீங்கண்ணா?"

"ஜபம் பண்றேம்மா."

பௌர்ணமி சாயங்காலம் மடத்து வாசல் நிறைந்துவிட்டது. எதிர் மடத்துக்கு வந்தவர்களும் இந்தப் பக்கம் திரும்பி நின்றார்கள்.

"இங்க என்னமோ அதிசயம் நடக்கப் போகுதாமே?" மாதம்மா வியந்தாள்.

"அப்படியா? யார் சொன்னா?"

"நீங்கதான் டீக்கடையில சொன்னீங்களாம்."

தீர்த்தகிரி துண்டைத் தலையில் முக்காடாகப் போட்டுக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைந்தார். சுண்டல் தின்றுகொண்டிருந்த ஒரு பருத்த ஆளுக்குப் பின்னால் பதுங்கினார்.

சாமி வந்தார். பின் சீட்டில் உட்கார்ந்தார். மலைக்கு மேலே நிலா ஏறிக்கொண்டிருந்தது.

சாமி அண்ணாந்தார்.

துண்டுக்குள் ஒரு தட்டு.

கூரை மெல்ல எழுந்தது. தொட ஆளில்லை. ஓட்டும் இடத்திலும் ஆளில்லை.

"ஐயோ சாமீ!"

"அடேங்கப்பா!"

தீர்த்தகிரி காரைப் பார்க்கவே இல்லை. முகங்களைப் பார்த்தார். ஒவ்வொரு முகமாக, ஆசை தீர. அழுகிறவள், கன்னத்தில் போட்டுக்கொள்கிறவன், வாய்க்குப் போன சுண்டலை வழியிலேயே மறந்தவன். போதும், மடம் பிழைத்தது.

"ஏம்ப்பா, சாமி கையை எங்க வச்சிருக்காரு பாரு" என்றார் சுண்டல் தின்றவர்.

தீர்த்தகிரி பார்த்தார்.

சாமி சாய்ந்து உட்கார்ந்து, இடது கையைச் சீட்டுக்குப் பின்னால் போட்டிருந்தார். கூரையின் இரும்புச் சட்டங்கள் இறங்கி ஒன்றோடொன்று மடிகிற இடம் அது. விரல்கள் சரியாக நடுவில் கிடந்தன. கண் நிலாவில்.

"சாமி, கை!"

கூட்டத்தின் இரைச்சலில் அது யாருக்கும் கேட்கவில்லை.

ரிமோட்டைத் தட்டினார். மறுபடி தட்டினார். கூரை இறங்கிக்கொண்டே இருந்தது. அது நிற்காது என்று அவரைவிட யாருக்குத் தெரியும்?

ஓடினார்.

முக்காடு விழுந்தது. சுண்டல் சிதறியது. யார் காலையோ மிதித்து, யாரோ திட்ட, கதவுக்கு மேலாகவே தலைகுப்புற உள்ளே பாய்ந்தார். ஊரே பார்க்க இரண்டு கால்களும் ஆகாசத்தில் ஆட, டேஷ்போர்டுக்குக் கீழே கையை விட்டு, பற்றவைத்த வயர் எல்லாவற்றையும் ஒரே பிடியாகப் பிடுங்கினார்.

கூரை நின்றது.

சட்டம் சாமியின் விரலைத் தொட்டுக்கொண்டிருந்தது. சாமி கையை எடுத்திருக்கவில்லை.

தீர்த்தகிரி எழுந்தார். ஒரு கையில் வயர்க் கொத்து. மறு கையில் ரிமோட்.

கூட்டம் அவர் கைகளை மாறி மாறிப் பார்த்தது.

"அட, ரிமோட்டுடா!"

சிரிப்பு எழுந்தது. தொடையைத் தட்டி, ஒருவரை ஒருவர் இடித்து, மாற்றி மாற்றி தீர்த்தகிரியின் கால்கள் ஆடியதை நடித்துக் காட்டிக்கொண்டே எல்லோரும் சாலையைக் கடந்து போனார்கள். எதிர் மடத்தில் மேளம் தொடங்கியது.

வாசலில் மிஞ்சியது பாதி திறந்த காரும் அவர்கள் இருவரும்.

தீர்த்தகிரி பின் சீட்டுக்கு வந்தார். குருவின் கையை மெதுவாக வெளியே எடுத்தார். புரட்டி, ஒவ்வொரு விரலாக அமுக்கிப் பார்த்தார்.

"போச்சுங்க சாமி. எல்லாமே போச்சு."

சாமி பாதியில் நின்ற கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"அங்க எதுக்குங்க போய்க் கையை வச்சீங்க? தெரிஞ்சேதானே வச்சீங்க?" இப்போது அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "சொல்லுங்க சாமி, எதுக்கு?"

"கூட்டத்துல உன்னைத் தேடினேன்யா" என்றார் சாமி. "எங்க இருக்கேன்னே தெரியல."

விரல்களை மடக்கி, நீட்டிப் பார்த்துக்கொண்டார்.

"இப்பத் தெரிஞ்சிடுச்சு."