எள்ளங்குறிச்சியில் காற்றைக் கொளுத்தியவர்

எரிவாயுவுக்கு நாற்றம் உண்டு என்று தமிழ் கூறும் நல்லுலகம் முழுவதும் நம்பப்படுகிறது. இந்தப் பிழையோடேயே பலர் பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள் என்பது மிகுந்த கவலைக்குரியது. நிலத்தடியிலிருந்து வரும் எரிவாயுவுக்கு நாற்றமே கிடையாது. கசிந்தால் தெரியவேண்டுமே என்று, ஊருக்குள் அனுப்புவதற்கு முன் நாற்றத்தைத் தனியே வாங்கிக் கலக்கிறார்கள். எள்ளங்குறிச்சிக் காட்டின் வழியே போகும் பெரிய குழாயில் ஓடியது இன்னும் நாற்றம் சேராத வாயு.

அந்தக் குழாய் மின்சாரமும் எரிவாயுவும் விற்கும் ஒரு நிறுவனத்துக்குச் சொந்தம். சுற்றுச்சூழலைக் கெடுப்பதைக் குறைப்போம் என்று நிறுவனம் சபதம் எடுத்து, குழாய் வழியில் உள்ள ஒவ்வொரு வால்வு நிலையத்தின் வாசலிலும் ஒரு பலகையை மாட்டியிருந்தது: ‘வாயுவைக் காற்றில் திறந்துவிடாத நாட்கள்’. முந்நூறைத் தொடும் நிலையத்துக்கு விருது. எள்ளங்குறிச்சி நிலையம் இருநூற்றுத் தொண்ணூற்றொன்பதில் நின்றது. விதியில் ஒரு நுணுக்கம் உண்டு. ஊழியர் வால்வைத் திறந்தால்தான் கணக்கு முறியும். குழாய் உடைந்து தானாகக் கசிந்தால் முறியாது.

அன்று காலை பத்து மணிக்கு, நிலையத்துக்குக் கிழக்கே ஒரு கிலோமீட்டரில் வாய்க்கால் வெட்டிய ஜேசிபி அந்தக் குழாயைக் கிழித்தது. கரை சரிந்து வண்டி கவிழ, ஓட்டுநர் சுடலைமுத்துவின் தொடை இரும்புக்கடியில் நசுங்கியது. இரும்பை அறுத்தால்தான் ஆளை எடுக்க முடியும். அறுத்தால் பொறி பறக்கும். தீயணைப்பு வீரர்கள் தொடையை இறுக்கிக் கட்டினார்கள். அப்படியும் இரத்தம் நிற்கவில்லை. ஒருவர் எட்டப் போய் நின்று நிலையத்துக்கு ஃபோன் போட்டுக் கத்தினார்: “கால் மணி நேரத்துல வாயுவ எடுங்க. அதுக்கு மேல ஆளு தாங்க மாட்டான்.”

நிலையத்தில் மூன்று பேர் இருந்தார்கள்: பொறுப்பாளர் ஞானதுரை, வால்வு இயக்கும் முகைதீன், பாதுகாப்பு அலுவலர் செண்பகவல்லி. குழாயின் இரு முனைகளையும் அடைத்தாகிவிட்டது. நடுவில் தங்கிய வாயுதான் வெளியேற வேண்டும். அதை இயந்திரத்தால் உறிஞ்சி அடுத்த குழாய்க்குத் தள்ளச் சொன்னார் ஞானதுரை. அதற்கு நாற்பது நிமிடமாகும்.

“அதுக்குள்ள அவன் செத்துருவான் சார். நம்ம உயரக் குழாயத் திறந்து வானத்துல விட்டா பத்தே நிமிஷம்,” என்றார் முகைதீன்.

“உடைப்பு வழியாப் போறது அதுவாப் போவுது, வே. நாம திறந்தாத்தான் பலகைக் கணக்கு முறியும். நாளைக்கு வேணும்னா திறந்துக்கிடும்.”

“நாளைக்கா? நாளைக்கு அவனுக்குப் பால் தெளிக்கத்தான் போகணும்.”

முகைதீன் வால்வுச் சக்கரத்தைப் பிடித்தார். ஞானதுரை ஸ்பேனரால் அவர் மணிக்கட்டில் அடித்தார். எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. முகைதீன் மற்றக் கையால் அவர் பிடரியைப் பற்றி முகத்தைச் சுவரில் மோதினார். இரண்டு பற்கள் தரையில் உருண்டன. பிறகு ஒற்றைக் கையாலேயே சக்கரத்தைச் சுழற்றினார். வாயு உயரக் குழாய் வழியே நிறமும் நாற்றமும் இல்லாமல் வானத்தில் ஏறியது.

“யாரு கண்ணுக்கும் தெரியப் போறதில்ல,” என்றார் மூச்சு வாங்கியபடி.

செண்பகவல்லி காற்றின் திசையைப் பார்த்தார். மேற்கிலிருந்து வீசியது, உடைப்பிலிருந்து கசிந்தது நிலையத்தின் பக்கம் வரவில்லை. உயரக் குழாயின் நுனியைப் பற்றவைக்கும் சுவிட்சை அழுத்தினார்.

“ஏம்மா, கொளுத்திட்டியே! ஊரே பாக்குமே!” என்று அலறினார் முகைதீன்.

ஊர் பார்த்தது. தென்னை உயரத்துக்கு எழுந்த தீயை நோக்கி முப்பது பேர் மண்வெட்டிக் காம்புகளோடு ஓடிவந்தார்கள். முன்னால் வந்தவன் சுடலைமுத்துவின் அண்ணன் பேச்சிமுத்து.

“எந்தம்பி அங்க துடிச்சிக்கிட்டுக் கெடக்கான், நீ இங்க தீ வச்சு விளையாடுதியா?”

முதல் அடியிலேயே செண்பகவல்லியின் வலது கை ஒடிந்தது. விழுந்த பிறகும் உதைத்தார்கள். அவர்கள் உதைத்துக்கொண்டிருந்தபோதே குழாய் காலியாயிற்று, இரும்பை அறுத்தார்கள், சுடலைமுத்து ஒரு காலை இழந்து உயிரோடு வெளியே வந்தான்.

ஒருவர் சேமிக்கப் பார்த்தார், ஒருவர் திறந்தார், ஒருவர் கொளுத்தினார். ஆளையும் வானத்தையும் சேர்த்துப் பார்த்தால், இதில் யார் செய்தது சரி?

விடை: ஞானதுரையின் வழி மற்ற நாட்களில் மிகச் சிறந்தது, இரும்புக்கடியில் ஆள் இல்லாத நாட்களில். முகைதீன் உயிரைக் காத்தார். ஆனால் எரியாமல் மேலே போகும் வாயு, எரிந்து போவதைவிடப் பல மடங்கு வானத்தைச் சூடாக்கும். கண்ணுக்குத் தெரியாதது கெடுக்காது என்று அவரும் நம்பினார். திறந்த வால்வைக் கொளுத்திய செண்பகவல்லி செய்ததே சரி. அடித்தவர்கள்மேல் அவர் இடது கையால் கையெழுத்திட்டுக் கொடுத்த புகாரை, அடையாள அட்டையில் உள்ள கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை என்று காவல் நிலையத்தில் திருப்பிக் கொடுத்தார்கள்.