யூ வராத எண்பத்து மூன்று சொற்கள்

குருவுக்கு வயது முப்பத்தொன்று. சீடருக்கு ஐம்பது ஆக இரண்டு மாதம் பாக்கி. திருச்சி பாலக்கரையில், ஒரு டியூஷன் சென்டரின் மாடியில் ஞாயிறுதோறும் கூடும் ஸ்க்ராபிள் மன்றத்தில் இதை யாரும் வேடிக்கையாகப் பார்ப்பதில்லை. சொல் தெரிந்தவர் அங்கே பெரியவர், அவ்வளவுதான்.

குரு ஷமீமா இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்க்கிறவர். சீடர் பொன்னுரங்கம் லேத் பட்டறைக்காரர், தமிழ் மீடியத்தில் பத்தாவது. மாவட்ட அணியில் ஒருமுறையாவது போய் மாநிலப் போட்டியில் உட்கார்ந்துவிட வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. இங்கிலீஷ் தெரியாதவன் என்று இரண்டு சம்பந்திகள் நடுவே ஒருநாள் தலைகுனிந்து நின்றவர் அவர். அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை.

ஆங்கில எழுத்துக் கட்டைகளைப் பலகையில் சொல்லாகக் கோக்கும் ஆட்டம் அது. பையில் க்யூ ஒன்றே ஒன்று. க்யூ வந்தால் பசுவின் பின்னால் கன்றுபோல யூ வர வேண்டும். யூ கிடைக்காதவன் கையில் க்யூ மாட்டினால் ஆட்டம் போச்சு. ஆனால் யூவே இல்லாமல் க்யூ வரும் சொற்களும் கொஞ்சம் உண்டு. அவற்றைத்தான் ஷமீமா முதலில் எழுதிக்கொள்ளச் சொன்னார். ஃபக்கீர், தலாக், கிப்லா என்று பட்டியல் நீண்டதும் பொன்னுரங்கம் பேனாவை நிறுத்தினார்.

"இதெல்லாம் எங்க தெருவுல தினம் கேக்குற வார்த்தையாச்சே டீச்சர். இதுவா இங்கிலீஷு?"

"இங்கிலீஷ்காரன் எடுத்துக்கிட்டான்ணே. இப்ப அவனுதும்தான்."

அகராதியிலேயே அப்படி மொத்தம் எண்பத்து மூன்றுதான். லேத் ஓட ஓட அவர் வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. அர்த்தம் பாதிக்குமேல் தெரியாது. ஆனால் நடுத்தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசை பிசகாது.

அந்த ஆட்டத்தில் ஒரு விதி உண்டு. எதிராளி வைத்த சொல்லில் சந்தேகம் வந்தால் 'சேலஞ்ச்' என்று சொல்லிக் கடிகாரத்தை நிறுத்தலாம். இருவரும் எழுந்துபோய்க் கம்ப்யூட்டரில் அடித்துப் பார்ப்பார்கள். சொல் பொய்யென்றால் வைத்தவர் கட்டைகளைப் பொறுக்கிக்கொள்ள வேண்டும். மெய்யென்றால் கேட்டவர் தன் முறை ஒன்றை இழப்பார். யாருமே கேட்காவிட்டால் பொய்ச் சொல்லும் அந்தப் பலகையில் மெய்தான். அதை யாரும் குற்றமாகச் சொல்வதில்லை.

போன வருட மாவட்ட அணித் தேர்வில் பொன்னுரங்கத்துக்கு எதிரே ரிடையர்டு ஆங்கிலப் பேராசிரியர் சந்தானம் உட்கார்ந்தார். யூ இல்லாமல் க்யூ வைத்து ஒரு சொல் கோத்தார். எண்பத்து மூன்றில் அது இல்லை. பொன்னுரங்கத்துக்குச் சந்தேகம் வந்தது. முப்பது வருடம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த மனிதருக்குத் தெரியாதா என்று வாயை மூடிக்கொண்டார். ஒன்பது புள்ளியில் தோற்றார்.

வீட்டுக்கு வந்ததும் அந்தச் சொல்லையும் நோட்டில் சேர்த்து எண்பத்து நாலு ஆக்கினார். மறு ஞாயிறு ஷமீமாவிடம் கேட்டார்.

"அவரை ஜெயிக்க நான் இன்னும் எத்தனை சொல் படிக்கணும் டீச்சர்?"

"ஒரு ஆட்டம் போடுவோம்ணே, உக்காருங்க" என்றார் ஷமீமா.

அன்றைக்கு ஷமீமா கையில் க்யூ வந்தது. 'கஸீப்' என்று ஒரு சொல் வைத்தார். பொன்னுரங்கம் அதை ஒரு நிமிடம் பார்த்தார். டீச்சர் வைத்தது தப்பாகவா இருக்கும்? ஆட்டம் முடிந்ததும் பயபக்தியோடு எழுதிக்கொண்டார். ஷமீமா அவர் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்தடுத்த ஞாயிறுகளில் க்யூ ஷமீமாவிடம் வந்தபோதெல்லாம் புதுப்புதுச் சொற்கள் வந்தன. நோட்டில் தொண்ணூற்றைந்து ஆயிற்று. பொன்னுரங்கத்துக்கு ஏக சந்தோஷம்.

ஒரு ஞாயிறு க்யூ பொன்னுரங்கத்துக்கு வாய்த்தது. முகமெல்லாம் பல்லாக 'கஸீப்' வைத்தார். ஷமீமா கடிகாரத்தை நிறுத்தினார்.

"சேலஞ்ச்."

கம்ப்யூட்டர் இல்லை என்றது. பொன்னுரங்கம் இரண்டாம் முறை தானே அடித்துப் பார்த்தார். அப்போதும் இல்லை என்றது.

"டீச்சர், இது நீங்க வச்ச சொல்லு."

"ஆமாண்ணே. நீங்க கேக்கலையே."

பொன்னுரங்கத்துக்கு முகம் சுண்டிப்போயிற்று. கட்டைகளைப் பையில் கொட்டிவிட்டுப் படியிறங்கினார். மூன்று ஞாயிறு மாடிப் பக்கமே போகவில்லை. கோபம் ஷமீமா மேல்தான் என்று முதலில் நினைத்தார். லேத்தின் முன் நின்று நோட்டைத் திறந்து, பின்னால் சேர்ந்த பன்னிரண்டு சொற்களையும் ஒவ்வொன்றாகப் பேனாவால் அடித்தபோது விஷயம் புரிந்தது. பன்னிரண்டிலும் அவருக்குச் சந்தேகம் வந்திருந்தது, ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது. நாலாம் ஞாயிறு போய் எதிரே உட்கார்ந்தார். இருவரும் பழையதைப் பேசவில்லை.

இந்த வருடத் தேர்வு வந்தது. காலையில் மறுபடியும் சந்தானம். அவர் வைத்த ஒரு சொல்லைப் பொன்னுரங்கம் சேலஞ்ச் செய்தார். க்யூவே இல்லாத சொல். பட்டியலும் துணைக்கு இல்லை. சொல் மெய்யாகப் போயிற்று. ஒரு முறை போனது, ஆட்டமும் போனது. பேராசிரியர் அணிக்குப் போய்விட்டார். மீதி ஒரே ஓர் இடம். அதற்குச் சமப் புள்ளியில் நின்றவர்கள் இரண்டு பேர்: பொன்னுரங்கம், ஷமீமா.

சாயங்காலம் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பத்து வருடமாக விடாமல் அணியில் இருக்கிறவர் ஷமீமா. ஆட்டம் முடிய இரண்டு முறை இருக்கையில் பொன்னுரங்கம் பதினெட்டுப் புள்ளி முன்னால் இருந்தார். யூ நான்கும் பலகையில் தீர்ந்திருந்தன. ஷமீமா தன் கட்டைகளைப் பார்த்தார். பிறகு நிதானமாக, க்யூவில் தொடங்கும் ஐந்தெழுத்துச் சொல் ஒன்றை வைத்தார். முப்பத்தெட்டுப் புள்ளி.

சூடு கண்ட பூனை அடுப்படிக்குப் போகாது என்பார்கள். காலையில் பட்ட சூடு பொன்னுரங்கத்துக்கு நன்றாக நினைவிருந்தது. கேட்டுத் தப்பானால் இடம் போய்விடும். கேட்காமல் விட்டாலும் போய்விடும். எதிரே இருப்பவரோ அந்தப் பட்டியலையே எழுதிக்கொடுத்தவர். கண்ணை மூடி எண்பத்து மூன்றையும் முதலிலிருந்து கடைசிவரை ஓட்டினார். திரும்பவும் ஒருமுறை ஓட்டினார். பிறகு கையை நீட்டிக் கடிகாரத்தை நிறுத்தினார்.

"சேலஞ்ச், டீச்சர்."

இருவரும் சேர்ந்து நடந்தார்கள். ஷமீமாதான் எழுத்துகளை அடித்தார். இல்லை என்று வந்தது. திரும்பி வந்து ஐந்து கட்டைகளையும் பொறுக்கிக்கொண்டார். மீதி முறைகளும் முடிந்தபோது பொன்னுரங்கம் பதினாலு புள்ளியில் ஜெயித்தார்.

ஜெயித்த சந்தோஷம் வரவில்லை. எல்லோரும் எழுந்து போகும்வரை காத்திருந்து, குனிந்த தலை நிமிராமல் கேட்டார்.

"எனக்காகத்தான் வச்சீங்களா டீச்சர்?"

ஷமீமா கட்டைகளைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"இல்லண்ணே. டீமுக்குப் போகத்தான் வச்சேன். நீங்க கேட்டுட்டீங்க."